ஸ்லைடிங் ஹெட் லேத்: உங்கள் டிராயிங்குக்கு எத்தனை ஆக்சிஸ் வேண்டும்?

கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் டர்னிங் யூனிட்டுகளுக்கு வரும் டிராயிங்குகள் மாறிவிட்டன. டிராப் (Traub) என்ற பழைய ஆட்டோமேட்டிக் லேத்தில் புஷ்ஷும் நட்டும் ஓட்டிக்கொண்டிருந்தவர்களிடம் இப்போது சென்சார் பின், இன்ஜெக்டர் பாகம், கனெக்டர் காண்டாக்ட், எலும்பு ஸ்க்ரூ என்று கேட்டு வருகிறார்கள். 4 மி.மீ. விட்டம், 45 மி.மீ. நீளம், பக்கவாட்டில் ஒரு துளை, பின்பக்கம் ஒரு ஸ்லாட், முக்கிய அளவுகளுக்கெல்லாம் ±5 மைக்ரான். இதை எதில் போடுவது என்று யோசிக்கத் தொடங்கியதுமே ஸ்லைடிங் ஹெட் (பாரைப் பிடித்த தலைப்பகுதியே முன்னால் நகரும் லேத்) காட்லாக் மேசைக்கு வந்துவிடும். அதில் முதலில் கண்ணில் படுவது ஆக்சிஸ் எண்ணிக்கைதான், அதாவது மெஷின் எத்தனை வழிகளில் நகரும், திரும்பும் என்பது. ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து. அந்த எண்ணைக் கடைசியாகப் பாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. ஏற்கெனவே இருக்கும் சிஎன்சி லேத்துக்குப் பார் ஃபீடர் (நீள உலோகக் கம்பியான பாரைத் தானாக ஊட்டும் கருவி) வைத்து, மீதி வேலையை விஎம்சி என்ற மில்லிங் மெஷினில் இரண்டாம் ஆபரேஷனாகச் செய்வது ஒன்று. மெயின், சப் என இரண்டு ஸ்பிண்டிலும் (ஜாபைப் பிடித்துச் சுழற்றுபவை), இரண்டு பக்கமும் லைவ் டூலும் (தானே சுழலும் டூல்), கழற்றி மாட்டக்கூடிய கைட் புஷ்ஷும் (வெட்டும் இடத்தருகில் பாரைத் தாங்கும் வளையம்) உள்ள ஆறு ஏழு ஆக்சிஸ் ஸ்லைடிங் ஹெட் இரண்டாவது. டூலைச் சாய்க்கும் பி ஆக்சிஸ், டூல்களைப் பிடிக்கும் மூன்றாவது டூல் போஸ்ட் எல்லாம் சேர்ந்த ஒன்பது பத்து ஆக்சிஸ் மெஷின் மூன்றாவது. ஜப்பானிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் மெஷின் நான்காவது. கலவையாக ஜாப் எடுக்கும் நடுத்தர யூனிட் முதல்முறை ஸ்லைடிங் ஹெட் வாங்குகிறது என்றால், பெரும்பாலும் இரண்டாவதுதான் சரி. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன். உங்கள் நிலைமை வேறாக இருந்தால் அதே கணக்கு உங்களை வேறு முடிவுக்குக் கொண்டுபோகும்.

வளையும் பார்

இந்த மெஷின் பிறந்தது சுவிட்சர்லாந்தின் ஜூரா மலைப் பகுதியில், 1870-களில். கடிகாரத்துக்கு வேண்டிய மெல்லிய தண்டுகளையும் ஸ்க்ரூக்களையும் வளையாமல் கடைய வேண்டியிருந்தது. மூத்தியே என்ற சிற்றூரில் டோர்னோஸ், பெஷ்லர், பீட்டர்மான் என்று மூன்று கம்பெனிகள் இதையே தொழிலாக வளர்த்தன. பிறகு ஜப்பானின் சிட்டிசன், ஸ்டார், சுகாமி ஆகியவை இதை சிஎன்சிக்குக் கொண்டுவந்து உலகம் முழுக்கப் பரப்பின. சுகாமிக்கு இன்று சென்னைப் பக்கமே ஆலை இருக்கிறது.

அடிப்படை யோசனை எளிது. சாதாரண லேத்தில் ஜாப் ஒரே இடத்தில் நிற்க, டூல் அதன் நீளவாக்கில் நகரும். சக்கிலிருந்து தள்ளிப் போகப் போக ஜாப் டூலுக்குப் பணிந்து வளையும். ஸ்லைடிங் ஹெட்டில் டூல் கைட் புஷ்ஷின் வாயருகிலேயே நிற்கும். ஹெட்ஸ்டாக் பாரைப் பிடித்துக்கொண்டு முன்னால் தள்ளும். ஜாப் எவ்வளவு நீளமானாலும் வெட்டு நடக்கும் இடத்துக்கும் தாங்கும் இடத்துக்கும் இடைவெளி ஓரிரண்டு மி.மீ.தான்.

இதன் மதிப்பு எண்ணில்தான் தெரியும். 6 மி.மீ. ஸ்டீல் பார், சக்கிலிருந்து 60 மி.மீ. வெளியே நீட்டியிருக்கிறது, நுனியில் டூல் 50 நியூட்டன் விசையில் அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி நுனி ஏறக்குறைய 0.28 மி.மீ. விலகும். விட்டத்தில் வரும் பிழை அதற்கு இரண்டு மடங்கு. அதே விசை 3 மி.மீ. தொலைவில் விழுந்தால் வளைவு ஒரு மைக்ரானில் இருபதில் ஒரு பங்குகூட வராது. நீளம் இரட்டித்தால் வளைவு எட்டு மடங்கு, விட்டம் பாதியானால் பதினாறு மடங்கு. ஆக்சிஸ் எத்தனை என்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

அதனால் உங்கள் டிராயிங்குகளை மேசையில் பரப்பி ஒவ்வொன்றுக்கும் நீளத்தை விட்டத்தால் வகுத்து ஓரத்தில் எழுதுங்கள். மூன்றுக்குள் வந்தால் சாதாரண சிஎன்சி லேத்தே போதும். மூன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் இருப்பவற்றை டெயில்ஸ்டாக் போட்டோ, இரண்டு தடவை வெட்டியோ சமாளிக்கலாம். ஆனால் 3 மி.மீ. பின்னின் நுனியில் சென்டர் துளை போட வாடிக்கையாளர் சம்மதிக்க வேண்டுமே. ஐந்தைத் தாண்டினால் ஸ்லைடிங் ஹெட்டை விட்டால் நல்ல வழி இல்லை. பத்து, பதினைந்து என்ற விகிதமெல்லாம் அதற்குச் சாதாரணம்.

வகுத்து முடித்த பிறகு பெரும்பாலான டிராயிங்குகள் மூன்றுக்குள் விழுந்திருந்தால், இருக்கும் லேத்துக்கு நல்ல பார் ஃபீடரும், கோலட் (பாரைச் சுற்றி இறுக்கும் பிடி) சக்கும், ஒரு லைவ் டூல் டரட்டும் யோசியுங்கள். முதல் வழியை ஏழைகளின் வழி என்று ஒதுக்கிவிட வேண்டாம். 20 மி.மீ. விட்டத்தில் 25 மி.மீ. நீளமுள்ள ஃபிட்டிங்கை லட்சக்கணக்கில் ஓட்டுபவருக்கு அதுதான் லாபம்.

முதல் வழி உதைக்கும் இடம் இரண்டாவது பிடிப்பு. ஜாபைக் கழற்றி மறுபடி மாட்டும்போது ரன் அவுட் (மையம் விலகிச் சுற்றுவது) வரும். சாஃப்ட் ஜா போட்டு எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் பத்து இருபது மைக்ரான் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொள்ளும். முன்பக்க விட்டத்துக்கும் பின்பக்கத் துளைக்கும் கான்சென்ட்ரிசிட்டி (ஒரே மையம்) கேட்டிருந்தால் அங்கேயே ரிஜெக்ஷன் ஆரம்பம். அதோடு, ஆபரேஷன்களுக்கு நடுவே டிரேயில் காத்திருக்கும் ஜாப், அடிபட்ட விளிம்பு, கலந்துபோன லாட், தனியாக ஒரு இன்ஸ்பெக்ஷன். கொட்டேஷனில் இவற்றை யாரும் எழுதுவதில்லை, ஆனால் மாதக் கடைசியில் செலவாக வந்து நிற்கும்.

கைட் புஷ்: இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்

மெஷின் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஜாபின் வட்டத்தன்மையை முடிவு செய்வது கைட் புஷ்ஷும் அதற்குள் ஓடும் பாரும். நல்ல செட்டர் கைட் புஷ் வைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும். பாரிலிருந்து ஒரு சாண் நீளத் துண்டு வெட்டி, முனையில் பர் (பிசிறு) எடுத்து, துடைத்து, எண்ணெய் தொட்டு, கையாலேயே புஷ்ஷுக்குள் விடுவார். பின்னால் இருக்கும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே துண்டை முன்னும் பின்னும் இழுப்பார். தடதடவென்று ஆடினால் லூஸ். விரலுக்கு லேசான பிடிப்பு தெரிந்தபடி வழுக்கிக்கொண்டு போனால் சரி. கை அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தால் பார் சூடேறி ஒட்டிக்கொள்ளும். இடைவெளி ஐந்து முதல் பத்து மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். அதைக் கை உணர்ந்து வைக்கிறது.

இங்கேதான் பார் மெட்டீரியல் உள்ளே வருகிறது. பாரின் விட்டம் எவ்வளவு குறையலாம் என்பதை எச்7, எச்8 போன்ற டாலரன்ஸ் குறியீடுகள் சொல்லும். 10 மி.மீ. விட்டத்துக்கு எச்7 என்றால் 15 மைக்ரான் வரை குறையலாம், எச்8-க்கு 22, எச்9-க்கு 36. எச்9 டிரான் பார் (அச்சு வழியே இழுத்துச் செய்தது) வாங்கிப் போட்டால் லாட்டில் இருக்கும் தடித்த பாருக்கு ஏற்றபடி புஷ்ஷைத் திறந்து வைக்க வேண்டும். மெலிந்த பார் வரும்போது அதற்குள் அது ஆடும். பத்து மைக்ரான் டாலரன்ஸ் உள்ள ஜாப் அப்போது எப்படி வரும்? ஆகவே கைட் புஷ்ஷோடு ஓட்டுவதென்றால் கிரவுண்ட் பாரின் (கிரைண்ட் செய்து அளவாக்கியது) விலையைத்தான் கொட்டேஷனில் போட வேண்டும். டிரான் பார் விலையில் ஆர்டர் எடுத்துவிட்டு, பிறகு கிரவுண்ட் பார் வாங்கும் யூனிட்டுகளுக்கு மெஷின் நன்றாக ஓடியும் கையில் ஒன்றும் நிற்காது.

இன்னொன்று எண்ட் பிட். கைட் புஷ்ஷோடு ஓட்டும்போது ஒவ்வொரு பாரிலும் கடைசித் துண்டு 200 மி.மீ. அளவுக்கு மிஞ்சும், மாடலைப் பொறுத்து கூடும் குறையும். மூன்று மீட்டர் பாரில் 220 மி.மீ. போனால் ஏழு சதவீதம். சாதாரண இஎன்1ஏ ஸ்டீலில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். டைட்டானியத்தில் ஏழு சதவீதம் என்பது பல ஜாபுகளில் உங்கள் மொத்த லாபம். 40 மி.மீ. ஜாபும் 2 மி.மீ. பார்ட் ஆஃபும் (ஜாபைத் துண்டிக்கும் வெட்டு) சேர்த்துப் பாருங்கள்: 220 மிஞ்சினால் ஒரு பாரில் 66 ஜாப், 80 மட்டும் மிஞ்சினால் 69.

அதனால்தான் கழற்றக்கூடிய கைட் புஷ்ஷை இரண்டாவது வழியின் மிகப் பெரிய பலமாக நினைக்கிறேன். கட்டையான ஜாப் வரும்போது புஷ்ஷைக் கழற்றிவிட்டு, மெயின் கோலட்டையே டூல் அருகில் கொண்டுவந்து ஓட்டலாம். விட்டத்தைப் போல இரண்டரை மூன்று மடங்கு நீளம் வரை இது நிற்கும். எண்ட் பிட் குறையும், டிரான் பாரே போதும். விற்பவர் அரை மணியில் மாற்றலாம் என்பார். அவரையே உங்கள் கண் முன்னால் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். மாற்றிய பிறகு சென்டர் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று டயல் வைத்துப் பாருங்கள். மாற்றுவது பாடாக இருந்தால் அந்த வசதியை உங்கள் ஆட்கள் ஒருநாளும் பயன்படுத்தப் போவதில்லை.

மெஷின் சைஸும் இத்தோடு சேர்ந்ததுதான். 12, 20, 32, 38 மி.மீ. என்று வரும். எதற்கும் இருக்கட்டும் என்று 32 வாங்குகிறவர்கள் உண்டு. 32 மி.மீ. மெஷினின் ஸ்பிண்டில் பொதுவாக நிமிடத்துக்கு 8,000 சுற்று, 20 மி.மீ. மெஷின் 10,000, 12 மி.மீ. மெஷின் அதற்கும் மேல். 3 மி.மீ. பித்தளைப் பின்னை நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் கடைய 10,600 சுற்று வேண்டும். பெரிய மெஷினில் சின்ன ஜாப் மெதுவாகத்தான் ஓடும். உங்கள் ஜாபில் பத்தில் எட்டு எந்த விட்டத்தில் இருக்கிறதோ அதற்கு வாங்குங்கள். மீதி இரண்டை வெளியே கொடுங்கள்.

ஆக்சிஸ் கணக்கு

மெயின் பக்கம் எக்ஸ், ஒய், இசட். சப் பக்கம் எக்ஸ், இசட், சில மாடல்களில் ஒய். இரண்டு ஸ்பிண்டிலுக்கும் சி (ஸ்பிண்டிலை வேண்டிய கோணத்தில் திருப்புவது). சி-யை ஒரு கம்பெனி கணக்கில் சேர்க்கும், இன்னொன்று சேர்க்காது. அதனால் காட்லாக் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதில் பயனில்லை. ஒவ்வொரு ஆக்சிஸையும் பெயர் சொல்லி, அதனால் எந்த ஜாபின் எந்த ஃபீச்சர் முடிகிறது என்று கேளுங்கள்.

மெயின் பக்க ஒய் இல்லாமல் இன்று வாங்கவே கூடாது. சென்டரை விட்டு விலகிய துளை, ஃபிளாட், கீவே எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. பின்பக்க ஒய்யைத்தான் பலர் விலை குறைக்கப் போய் விட்டுவிடுகிறார்கள். அது தவறு என்பேன். பின்பக்கம் சென்டரில் மட்டும்தான் துளை போட முடியும் என்றால், டிராயிங்கில் பின்பக்கம் ஒரு ஆஃப்செட் துளையோ ஸ்லாட்டோ வந்ததும் ஜாப் மறுபடி விஎம்சிக்குப் போகும். ஸ்லைடிங் ஹெட் வாங்கியதன் பாதி நோக்கம் அங்கேயே போய்விடும். பின்பக்க டூல் இடங்கள் நான்கா, எட்டா, அதில் எத்தனை லைவ் என்பதும் அதே அளவு முக்கியம்.

பி ஆக்சிஸ் டூலைச் சாய்க்கிறது. முதுகெலும்பு ஸ்க்ரூவின் தலை, பல் இம்பிளான்ட் அபட்மென்ட், சாய்ந்த துளைகள் உள்ள நாசில் மாதிரியான ஜாபுகளுக்கு இது இல்லாமல் முடியாது. ஒரே ஜாபில் இரண்டு மூன்று கோணங்கள் இருந்தாலோ, ஐந்து ஆக்சிஸும் சேர்ந்து நகர்ந்து ஒரு வளைந்த முகத்தை மில் செய்ய வேண்டியிருந்தாலோ தயங்காமல் மூன்றாவது வழிக்குப் போங்கள். ஆனால் ஒரே ஒரு சாய்ந்த துளை, எப்போதும் அதே 30 டிகிரி என்றால், கோணம் மாற்றக்கூடிய லைவ் டூல் ஹோல்டர் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம். செட்டிங்கில் ஒரு தடவை கோணம் வைத்தால் லாட் முடியும் வரை ஓடும். இந்த ஒரு துளைக்காக பி ஆக்சிஸ் மெஷினை யாரும் உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள்.

எலும்பு ஸ்க்ரூ செய்யப் போகிறவர்கள் ஆக்சிஸுக்கு முன்னால் திரெட் வேர்லிங் பற்றிக் கேட்க வேண்டும். 3.5 மி.மீ. கார்ட்டிகல் ஸ்க்ரூவின் (கெட்டியான எலும்புக்கானது) உள்விட்டம் 2.4 மி.மீ., பிட்ச் 1.25. இதைச் சாதாரண திரெடிங் இன்சர்ட்டில் பல பாஸ் ஓட்டினால் பார் மெலிந்து ஆடும், பர் நிற்கும். வேர்லிங்கில் பாரைச் சுற்றிச் சுழலும் வளையத்தின் உட்பக்கப் பற்கள் முழு ஆழத்தையும் ஒரே பாஸில் எடுத்துவிடும். வெட்டுக்கு முன்னால் பார் இன்னும் முழு விட்டத்தில் கைட் புஷ்ஷுக்குள் இருக்கும். அந்த யூனிட் உங்கள் மாடலில் மாட்டுமா, மாட்டினால் எத்தனை லைவ் டூல் இடம் போகும், ஹெலிக்ஸ் கோணத்துக்கு எவ்வளவு சாயும்? எலும்பு ஸ்க்ரூவுக்கு விடை சொல்பவை இந்த மூன்றும்தான். ஏழு ஆக்சிஸ் மெஷினிலேயே வேர்லிங் மாட்டி மருத்துவ ஸ்க்ரூ ஓட்ட முடியும்.

லைவ் டூலின் வேகத்தையும் பாருங்கள். 0.5 மி.மீ. குறுக்குத் துளைக்கு 6,000 சுற்று கொடுத்தால் வெட்டு வேகம் நிமிடத்துக்கு ஒன்பது மீட்டர் சொச்சம்தான் வரும். டிரில் உடைந்துகொண்டே இருக்கும். தனியாக ஹைஸ்பீட் ஸ்பிண்டில் மாட்ட வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

அடுத்தது, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேலை நடப்பது. மெயினில் அடுத்த ஜாப் ஓடும்போதே சப்பில் முந்தைய ஜாபின் பின்பக்கம் முடிகிறது. மெயினில் 60 நொடி, சப்பில் 25 நொடி என்றால், சைக்கிள் டைம் 85 இல்லை. 60-ம், கைமாற்றும் சில நொடிகளும்தான். சப் 35 நொடி சும்மா நிற்கிறது. முன்பக்க வேலையில் ஒரு பகுதியைப் பின்பக்கம் தள்ள முடிந்தால் இன்னும் குறையும். மூன்றாவது டூல் போஸ்ட் மெயினிலேயே இரண்டு டூலை ஒன்றாக வெட்ட வைக்கும். முன்பக்க வேலை மிக அதிகமாக இருந்து, அதைப் பிரிக்கவும் முடிந்தால் மட்டும் அதற்குக் கொடுக்கும் பணம் திரும்பும். விற்பவரிடம் மொத்த சைக்கிள் டைமை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். இரண்டு பக்கத்துக்கும் டூல் வாரியாக நேரப் பட்டியல் கேளுங்கள். எந்தப் பக்கம் சும்மா நிற்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

ரூபாய்க் கணக்கு

விலை மாடலுக்கு மாடல், பேரத்துக்குப் பேரம் மாறும். அதனால் எடுத்துக்காட்டுக்கு முழு எண்களாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது வழி ஒரு கோடி, மூன்றாவது வழி ஒரு கோடியே எண்பது லட்சம். ஏழு ஆண்டில் கழிக்கிறோம், ஆண்டுக்கு 5,000 மணி நேரம் ஓடுகிறது. வட்டியைத் தள்ளிவைத்துப் பார்த்தால் மெஷின் மட்டும் மணிக்கு 286 ரூபாய், 514 ரூபாய். வித்தியாசம் 228.

இந்தக் கூடுதல் 80 லட்சம் ஆண்டுக்கு 11.4 லட்சம் ரூபாயாக நம் தோளில் ஏறுகிறது. பி ஆக்சிஸால் ஒரு ஜாபுக்கு விஎம்சி ஆபரேஷன் ஒன்று மிச்சமாகி எட்டு ரூபாய் கிடைக்கிறது என்றால், அந்தப் பணத்தை எடுக்க ஆண்டுக்கு ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் ஜாப் ஓட வேண்டும். 75 நொடி சைக்கிளில் மணிக்கு 48 ஜாப். அப்படியானால் கிட்டத்தட்ட 3,000 மணி நேரம். மெஷின் ஓடும் நேரத்தில் அறுபது சதவீதம் பி ஆக்சிஸ் தேவைப்படும் ஜாபே ஓட வேண்டும். அதுவும் வட்டியைச் சேர்க்காமல். மீதி நேரத்தில் சாதாரணப் பின் ஓடும்போது, பக்கத்து யூனிட் ஏழு ஆக்சிஸ் மெஷினில் அதே பின்னை நம்மைவிடக் குறைந்த விலைக்குக் கொட்டேஷன் போடுவார்.

உங்கள் சொந்த எண்களை இதில் போட்டுப் பாருங்கள். மருத்துவ ஜாபில் மிச்சமாகும் தொகை எட்டு ரூபாய்க்குப் பதில் நாற்பது ரூபாயாக இருக்கலாம். அப்போது 28,600 ஜாபிலேயே பணம் வந்துவிடும். பி ஆக்சிஸ் நியாயமான முதலீடு. ஆனால் அந்த ஆர்டர் கையில் எழுத்தாக இருக்கிறதா, விசாரணையாக மட்டும் இருக்கிறதா? இம்பிளான்ட் வாங்குபவர் மருத்துவக் கருவிகளுக்கான தரச் சான்றான ஐஎஸ்ஓ 13485 கேட்பார். அவருடைய சாம்பிள் ஒப்புதலுக்கே மாதக்கணக்கில் ஆகும். இஎம்ஐ அதுவரை காத்திருக்காது. ஏற்றுமதி ஆர்டர் உறுதி என்றால் ஏற்றுமதியாளர்களுக்கான இபிசிஜி என்ற அரசுத் திட்டத்தில் இறக்குமதி வரி இல்லாமல் மெஷின் கொண்டுவரலாம். மிச்சமான வரியைப் போல ஆறு மடங்குக்கு ஆறு ஆண்டில் ஏற்றுமதி செய்தாக வேண்டும் என்ற கட்டு அதோடு வருகிறது. ஆடிட்டரிடம் உட்கார்ந்து பேசிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கணக்கில் மெஷின் விலையோடு நின்றுவிடக் கூடாது. பார் ஃபீடர், ஒவ்வொரு விட்டத்துக்கும் கைட் புஷ், மெயின் கோலட், சப் கோலட், பார் ஃபீடர் கோலட், ஹைபிரஷர் பம்ப், மிஸ்ட் கலெக்டர், ஏசி அறை. பார் ஃபீடரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மெஷினின் சுற்று வேகத்தைத் தாங்காத பார் ஃபீடர் அதிர்ந்தால் அது ஜாபின் மேல் கோடு கோடாகத் தெரியும். 10,000 சுற்று மெஷினை 6,000-ல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களிடம் போய்க் காரணம் கேட்டால், பலர் பார் ஃபீடரைத்தான் காட்டுவார்கள்.

ஏசியும் அலங்காரம் இல்லை. 300 மி.மீ. ஸ்டீல் பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 35 மைக்ரான் நீளும். ஓசூரில் காலைக்கும் மதியத்துக்கும் அவ்வளவு வித்தியாசம் வரும் நாட்கள் நிறைய.

சிப், எண்ணெய், தீ

316 எல் ஸ்டெயின்லெஸ், பீக் பிளாஸ்டிக், செம்பு ஆகியவற்றில் சிப் (வெட்டும்போது வரும் சீவல்) உடையாமல் நூலாக வந்து டூலைச் சுற்றிக்கொள்ளும். இரவில் ஆளில்லாமல் ஓட்டும் கனவு இங்கேதான் கலையும். சிட்டிசன் எல்எஃப்வி என்ற பெயரில், டூலை முன்னும் பின்னும் நுணுக்கமாக அதிரவிட்டுச் சிப்பைத் துண்டாக்கும் வசதி தருகிறது. மற்றவர்களிடமும் இதே போன்றது வேறு பெயர்களில் உண்டு. டூல் கொஞ்ச நேரம் காற்றில் இருப்பதால் சைக்கிள் டைம் கூடும். ஆனாலும் நீங்கள் ஓட்டுவதில் பாதி ஸ்டெயின்லெஸ் என்றால், ஒரு கூடுதல் ஆக்சிஸை விட இந்த வசதிக்குத்தான் நான் காசு கொடுப்பேன். ஆழமான துளைக்கு 70 பார் அழுத்தமுள்ள கூலன்ட்டும் அதே மாதிரி உடனே பலன் தருவது.

இந்த மெஷின்களில் பெரும்பாலும் நீட் ஆயில்தான் (தண்ணீர் கலக்காத எண்ணெய்) ஓடும். கைட் புஷ்ஷுக்கும் டூலுக்கும் அது நல்லது. ஆனால் எண்ணெய் பற்றும். டைட்டானியச் சிப் மெல்லியதாக வரும்போது தீப்பிடிக்க ஒரு மழுங்கிய இன்சர்ட் போதும். மெஷினுக்குள் தானாக இயங்கும் தீயணைப்பு வைப்பதைக் கட்டாயமாக எடுத்துக்கொள்ளுங்கள். கொட்டேஷனில் அது ஆப்ஷன் என்று தனியாக இருக்கும். பேரத்தில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். அதை வெட்ட விடக் கூடாது. அந்த மெஷின் பக்கத்தில் இரவு ஷிஃப்டில் ஓர் ஆள் தனியாக நிற்கிறார்.

செகண்ட் ஹேண்ட்

நல்ல செட்டர் கையில் இருந்து, ஒரே ஒரு ஜாப் குடும்பத்துக்கு மட்டும் மெஷின் தேவை என்றால் இது புத்திசாலித்தனமான வழி. இல்லையென்றால் வேண்டாம். கரன்ட் போட்டு ஓடும் நிலையில் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. கப்பலில் வரும்போது என்கோடர் (ஆக்சிஸின் இடத்தைக் காட்டும் சென்சார்) பேட்டரி இறங்கிப்போய் ஒரிஜின் (தொடக்கப் புள்ளி) தொலைந்திருக்கும். அதை மீட்க ஆள் தேட வேண்டும். ஜப்பான் மெஷின்கள் 200 வோல்ட்டில் ஓடும், நமது லைன் 415. டிரான்ஸ்பார்மர் செலவு தனி. ஸ்கிரீன் ஜப்பானிய மொழியில் இருக்கலாம். பழைய கன்ட்ரோலுக்கு போர்டு கிடைக்குமா என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். இறக்குமதிக்குச் சார்ட்டர்ட் இன்ஜினியர் சான்றிதழும் வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்

மெஷின் கண்காட்சிகளில் ஓடும் டெமோ ஜாபைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கோவை இன்டெக்கோ பெங்களூரு இம்டெக்ஸோ, அங்கே பித்தளையில் அழகான ஜாப் ஓடிக்கொண்டிருக்கும். பித்தளையில் எல்லா மெஷினும் நன்றாக ஓடும். உங்களுடைய மிகக் கஷ்டமான டிராயிங்கையும், நீங்கள் வழக்கமாக வாங்கும் கடையின் பாரையும் கொடுத்து டிரையல் கேளுங்கள். குறைந்தது 50 ஜாப், இடையில் ஆஃப்செட் தொடாமல், வந்த வரிசையிலேயே எண்ணிட்டு எடுத்து வாருங்கள். நல்லவற்றைப் பொறுக்கித் தரும் ஐந்து சாம்பிளுக்கு மதிப்பில்லை.

±5 மைக்ரானுக்கு சிபிகே (அளவுகள் டாலரன்ஸுக்குள் எவ்வளவு நிலையாக நிற்கின்றன என்ற எண்) 1.67 கேட்கிறார்கள் என்றால், அளவு சரியாக நடுவில் இருந்தாலும் சிக்மா (அளவுகளின் சிதறல்) ஒரு மைக்ரானுக்குள் இருக்க வேண்டும். சாதாரண மைக்ரோமீட்டரால் அதை அளக்கவே முடியாது. ஏர் கேஜோ, நல்ல கம்பாரேட்டரோ மெஷினோடு சேர்த்து வாங்க வேண்டிய பொருள். அளக்க முடியாத டாலரன்ஸை ஓட்டிக் கொடுத்தால், அளக்கத் தெரிந்த வாடிக்கையாளர் லாட்டையே திருப்பி அனுப்புவார்.

கடைசியாக ஆள். மெயினுக்கும் சப்புக்கும் என இரண்டு சேனல் ஒன்றாக ஓடும் புரோகிராமில் எந்த டூல் எதற்காகக் காத்திருக்கிறது என்பதை வெயிட் கோடுகளில் எழுத வேண்டும். ஒன்று தவறினால் சப் ஸ்பிண்டில் டூலில் போய் மோதும். இதை எழுதத் தெரிந்த செட்டர்கள் குறைவு, அவர்களை மற்ற யூனிட்டுகளும் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். ஏழு ஆக்சிஸ் மெஷினை நல்ல சிஎன்சி செட்டர் ஒருவர் சில மாதங்களில் பிடித்துக்கொள்வார். பி ஆக்சிஸில் ஐந்து ஆக்சிஸ் மில்லிங் என்றால் புரோகிராம் உருவாக்கும் கேம் சாஃப்ட்வேரும், அதை அந்த மெஷினின் மொழிக்கு மாற்றும் சரிபார்த்த போஸ்ட் பிராசசரும், அதை இயக்க இன்ஜினியர் ஒருவரும் வேண்டும். விற்பவர் தரும் பயிற்சிக்கு ஒருவரை அனுப்பாமல் இருவரை அனுப்புங்கள், அதில் ஒருவர் ஏற்கெனவே உங்கள் யூனிட்டில் சில ஆண்டுகள் நின்றவராக இருக்கட்டும்.

பர்ச்சேஸ் ஆர்டரில் மூன்று வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதே டிராயிங்கை, அதே 50 ஜாப் கணக்கில், உங்கள் இடத்திலேயே ஓட்டிக் காட்டிய பிறகுதான் கடைசித் தவணை. சர்வீஸ் இன்ஜினியர் எந்த ஊரிலிருந்து, எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பது எழுத்தில். ஸ்பிண்டில் பேரிங், கைட் புஷ் யூனிட், சர்வோ டிரைவ் மூன்றும் இந்தியாவில் ஸ்டாக்கில் இருக்கிறதா என்பதும் எழுத்தில். இந்த மூன்றுக்கும் தயங்காமல் கையெழுத்துப் போடுகிறவருடைய ஏழு ஆக்சிஸ் மெஷினையும், மழுப்புகிறவருடைய பத்து ஆக்சிஸ் மெஷினையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.